மார்க் கம்மி, அரியர் ஹிஸ்டரி வேற... ராணுவ ஆபீசர் ட்ரெய்னிங்குக்கு எப்படி போறது?

பன்னெண்டாவதுல 58 சதவீதம், காலேஜ்ல நாலஞ்சு அரியர், கேம்பஸ்ல வந்த கம்பெனி எல்லாம் "நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்"னு போட்டு வாசல்லயே நிறுத்திட்டாங்க. இப்படி ஒருத்தர் இந்திய ராணுவத்துல லெப்டினன்ட் ஆக முடியுமான்னு கேட்டா, முடியும். பரிதாபப்பட்டு யாரும் எடுத்துக்கறது இல்ல, சில என்ட்ரிகள்ல, அதாவது ஆபீசரா சேர்ற வழிகள்ல, உங்க பழைய மார்க்கை ஒரு தகுதியாவே கேக்கறதில்ல, அவ்ளோதான். நம்ம ஊர்ல இது நிறைய பேருக்கு தெரியாது. மார்க் கம்மின்னா ஆள்சேர்ப்பு முகாம்ல ஓடி சிப்பாயா சேரலாம், ஆபீசர் வேலையெல்லாம் ஐஐடி பசங்களுக்குன்னு அவங்களே முடிவு பண்ணிட்டு, தெரிஞ்சுக்கறதுக்குள்ள வயசு தாண்டிடுது.

காசு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், வீட்ல கேக்குற முதல் கேள்வி அதுதான். ஆபீசர் ட்ரெய்னிங்குக்கு ஃபீஸ் கிடையாது. பன்னெண்டாவது முடிச்சு என்டிஏ (நேஷனல் டிஃபென்ஸ் அகாடமி) போனா புனே பக்கம் கடக்வாஸ்லால மூணு வருஷம் படிப்பு, தங்குறது, சாப்பாடு, யூனிஃபார்ம், புக்ஸ், வைத்தியம் எல்லாம் அரசாங்க செலவு, முடிக்கும்போது டெல்லி ஜேஎன்யு யுனிவர்சிட்டி டிகிரி கைக்கு வரும். பாக்கெட் மணி மட்டும் வீட்லேர்ந்து அனுப்பணும், அதுவும் கஷ்டம்னா வருமானத்தைப் பாத்து உதவித்தொகை உண்டு. டிகிரி முடிச்சு போறவங்களுக்கு டேராடூன் ஐஎம்ஏலயோ (இந்தியன் மிலிட்டரி அகாடமி) நம்ம பரங்கிமலை ஓடிஏலயோ (ஆபீசர்ஸ் ட்ரெய்னிங் அகாடமி) ட்ரெய்னிங் நடக்குறப்பவே மாசம் 56,100 ரூபாய் ஸ்டைபண்ட். பிரைவேட் காலேஜ்ல லட்சக்கணக்குல கட்டி டிகிரி வாங்குறதோட இதை ஒருதடவை பக்கத்துல வச்சு பாருங்க. ஒரு கண்டிஷன் இருக்கு, பாதியில "எனக்கு வேணாம்"னு சொந்த விருப்பத்துல கிளம்பினா ட்ரெய்னிங் செலவை திருப்பி வசூல் பண்ணுவாங்க.

எந்த என்ட்ரி உங்க மார்க்கை கேக்குது, எது கேக்கல

முதல் வேலை இதுதான். புக் வாங்கறது, கோச்சிங் சேர்றது எல்லாம் அப்புறம். ஒரு பேப்பர் எடுத்து உங்க பிறந்த தேதி, பன்னெண்டாவதுல என்ன குரூப், என்ன சதவீதம், டிகிரி என்ன, இதுவரைக்கும் என்ன சதவீதம், நிலுவையில எத்தனை அரியர், என்சிசி இருக்கா இல்லையா, இவ்வளவும் எழுதுங்க. எழுதினதும் பாதி என்ட்ரி தானா கழிஞ்சிடும்.

மார்க் கம்மியா இருக்கறவங்க நேரத்தை வீணாக்கக்கூடாத என்ட்ரிகளை முதல்ல சொல்லிடறேன். டிஇஎஸ், அதாவது பன்னெண்டாவது முடிச்சு நேரா ராணுவ இன்ஜினியரிங் போற என்ட்ரி, அதுக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேக்ஸ்ல 60 சதவீதமும் ஜேஇஇ மெயின் எழுதியிருக்கறதும் வேணும். நேவியோட பிளஸ் டூ பிடெக் என்ட்ரி இன்னும் கறார், 70 சதவீதம். ஏர்ஃபோர்ஸோட ஏஎஃப்கேட் எக்ஸாமுக்கு டிகிரில 60. லா முடிச்சவங்க போற ஜாக் என்ட்ரிக்கு 55. இதெல்லாம் நோட்டிபிகேஷன்லயே போட்டிருப்பாங்க, 59.8 வச்சுட்டு "ரவுண்டு பண்ணிக்குவாங்களா"ன்னு கேக்காதீங்க, பண்ண மாட்டாங்க.

இன்ஜினியரிங் பசங்க ஏமாறுற ஒரு இடம் டிஜிசி, எஸ்எஸ்சி டெக், இன்ஜினியரிங் டிகிரி வச்சு ஆர்மிக்கு போற ரெண்டு என்ட்ரி. நோட்டிபிகேஷனைப் படிச்சா குறைஞ்சபட்ச சதவீதம்னு ஒண்ணும் இருக்காது, ஆஹான்னு அப்ளை பண்ணுவாங்க, ஆனா எழுத்துத் தேர்வு இல்லாத என்ட்ரிங்கறதால வந்த அப்ளிகேஷனை எல்லாம் பிராஞ்ச் வாரியா டிகிரி மார்க் வச்சு கட்ஆஃப் போட்டுதான் எஸ்எஸ்பிக்கு, அதாவது ஆபீசரை தேர்ந்தெடுக்கற அஞ்சு நாள் இன்டர்வியூவுக்கு, கூப்பிடுவாங்க. மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ்ல எல்லாம் கூட்டம் அதிகம், அதனால கட்ஆஃபும் மேல போகும். 57 சதவீதம் வச்சுகிட்டு அப்ளை பண்றதுல தப்பில்ல, அதை மட்டும் நம்பி ஒரு வருஷம் உக்காந்திருக்கறதுதான் தப்பு.

இப்போ உங்களுக்கானது. மூணு இருக்கு.

ஒண்ணு, என்டிஏ. யுபிஎஸ்சி வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது. ஆர்மிக்கு பன்னெண்டாவது பாஸ் போதும், எந்த குரூப்பா இருந்தாலும் சரி, காமர்ஸ் படிச்சவங்களும் வரலாம், சதவீதம் கேக்கறதில்ல. நேவி, ஏர்ஃபோர்ஸுக்கு பன்னெண்டாவதுல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேக்ஸ் வேணும். வயசு பதினாறரைலேர்ந்து பத்தொன்பதரை, கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது. 2021-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவுக்கு அப்புறம் பொண்ணுங்களும் எழுதலாம், முதல் பேட்ச் பொண்ணுங்க 2025 மே மாசம் அங்கேர்ந்து பாஸ் அவுட் ஆகிட்டாங்க.

ரெண்டாவது சிடிஎஸ், டிகிரி படிச்சவங்க எழுதற கம்பைன்ட் டிஃபென்ஸ் சர்வீசஸ் எக்ஸாம். இதுவும் யுபிஎஸ்சி, இதுவும் வருஷத்துக்கு ரெண்டு தடவை. ஐஎம்ஏக்கும் ஓடிஏக்கும் அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டில ஏதாவது ஒரு டிகிரி, அவ்ளோதான் கல்வித்தகுதி. பிஏ தமிழ், பிகாம், பிஎஸ்சி விஸ்காம், எதுவா இருந்தாலும் சரி. 45 சதவீதத்துல பாஸ் பண்ணியிருந்தாலும் சரி. ஃபைனல் இயர்லயே எழுதலாம், சொன்ன தேதிக்குள்ள டிகிரி பாஸானதுக்கு ப்ரூஃப் குடுக்கணும். அரியர் ஹிஸ்டரி பத்தி ஒரு வரி கூட அதுல இல்ல, ஆனா நிலுவையில அரியர் இருந்தா அந்த தேதிக்குள்ள கிளியர் ஆகியே ஆகணும், இல்லேன்னா எஸ்எஸ்பி பாஸ் பண்ணி மெடிக்கல் முடிச்சும் வெளிய நிக்க வேண்டியதுதான்.

இந்த சிடிஎஸ்லயே ஓடிஏவை தனியா கவனிங்க. ஐஎம்ஏக்கு இங்கிலீஷ், ஜிகே, மேக்ஸ்னு மூணு பேப்பர். ஓடிஏக்கு மேக்ஸ் கிடையாது! இங்கிலீஷ் 100, ஜிகே 100, முடிஞ்சது. கணக்குன்னாலே காய்ச்சல் வர்றவங்களுக்கு இதை விட நல்ல வழி இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன். வயசும் ஐஎம்ஏவை விட ஓடிஏல ஒரு வருஷம் கூட, 25 வரைக்கும். பொண்ணுங்களுக்கு சிடிஎஸ்ல இருக்கறது ஓடிஏ மட்டும்தான், சீட் கம்மி. ஓடிஏல சேந்தா 49 வாரம் ட்ரெய்னிங், பத்து வருஷ சர்வீஸ், விருப்பப்பட்டா இன்னும் நாலு வருஷம் நீட்டிக்கலாம், நடுவுல நிரந்தரமாக்கவும் வாய்ப்பு உண்டு. முடிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தோட பிஜி டிப்ளமோவும் கிடைக்கும், அரியர் வச்சவனுக்கு பிஜி டிப்ளமோ.

மூணாவது என்சிசி ஸ்பெஷல் என்ட்ரி. இதுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. டிகிரில 50 சதவீதம், என்சிசி 'சி' சர்டிபிகேட்ல குறைஞ்சது பி கிரேடு, நேரா எஸ்எஸ்பி. இதுல ஷார்ட்லிஸ்ட் முடிஞ்சதும் பழைய மார்க்குக்கு வேலை முடிஞ்சது, மெரிட் எஸ்எஸ்பி மார்க்கை வச்சுதான். நீங்க இப்போ காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து, முதல் செமஸ்டர்லயே அடி வாங்கியிருந்தா, நாளைக்கே போய் என்சிசில பேர் குடுங்க. அப்புறம் சேரலாம்னு விட்டா 'சி' சர்டிபிகேட்டுக்கு வருஷம் பத்தாது. காலேஜ்ல என்சிசி இல்லையா, பக்கத்துல இருக்கற யூனிட்ல ஓப்பன் வேகன்சி இருக்கான்னு விசாரிங்க.

இது தவிர ஏற்கனவே சிப்பாயா உள்ள இருக்கறவங்க ஏசிசி (ஆர்மி கேடட் காலேஜ்) வழியா ஆபீசர் ஆகலாம், வேலை பாக்குறவங்களுக்கு பகுதி நேர ராணுவமான டெரிடோரியல் ஆர்மி இருக்கு, வயசு வரம்பு 42. அதெல்லாம் தனிக் கதை.

இன்னொண்ணு, இது கொஞ்சம் கசப்பா இருக்கும். ஆபீசர் தேர்வுல ஜாதி ஒதுக்கீடு இல்ல, அதுக்கான வயசு தளர்வும் இல்ல. நோட்டிபிகேஷன்ல போட்டிருக்கற ரெண்டு தேதிக்கு நடுவுல உங்க பிறந்த தேதி இருக்கணும், ஒரு நாள் தள்ளியிருந்தாலும் கதை முடிஞ்சது. எத்தனை தடவை எழுதலாம்னு கணக்கு இல்ல, வயசுதான் கணக்கு. அதனால தம்பி, அடுத்த வருஷம் நல்லா பிரிப்பேர் பண்ணி எழுதிக்கலாம்னு தள்ளிப் போடறது இந்த வேலைக்கு மட்டும் ஆகாது.

அப்ளிகேஷன்ல நம்ம ஊர் பிரச்சனை

யுபிஎஸ்சி சைட்ல ரிஜிஸ்டர் பண்ணும்போது பேரு, பிறந்த தேதி ரெண்டும் பத்தாவது சர்டிபிகேட்ல இருக்கற மாதிரியே. தமிழ்நாட்டு பசங்களுக்கு இனிஷியல்தான் தலைவலி. மார்க்ஷீட்ல "கார்த்திக் எஸ்", ஆதார்ல "எஸ் கார்த்திக்", பேன் கார்டுல "கார்த்திக் செல்வராஜ்"னு மூணு பேரு சுத்திகிட்டு இருக்கும். வடக்க உக்காந்து ஃபைல் பாக்குறவருக்கு இது மூணு ஆளு. எஸ்எஸ்பில டாக்குமென்ட் செக்கிங்லயோ மெடிக்கல் முடிஞ்சு ஜாயினிங் லெட்டர் வர்ற நேரத்துலயோ இது கிளம்பும், அன்னிக்கு போய் நோட்டரி தேடிட்டு திரியக்கூடாது, இப்பவே ஆதாரை பத்தாவது சர்டிபிகேட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சுக்கோங்க.

ஃபீஸ் என்டிஏக்கு 100, சிடிஎஸ்க்கு 200, பொண்ணுங்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் அதுவும் இல்ல. டிசம்பர் வாக்குல ஒரு நோட்டிபிகேஷன், மே ஜூன் வாக்குல இன்னொண்ணு, எக்ஸாம் பொதுவா ஏப்ரல்லயும் செப்டம்பர்லயும். சென்னை, மதுரைலயே சென்டர் இருக்கு.

சிடிஎஸ்ல விருப்ப வரிசை கேப்பாங்க. தகுதி இருக்கற எல்லாத்தையும் டிக் பண்ணுங்க, ஓடிஏவை விட்டுடாதீங்க. "ஐஎம்ஏ மட்டும்தான் கெத்து"ன்னு அதை மட்டும் போட்டுட்டு மேக்ஸ்ல கோட்டை விட்டவங்க நிறைய.

எழுத்துத் தேர்வு, முதல் மார்க் எடுக்கற போட்டி இல்ல

மார்க் கம்மியா எடுத்துப் பழகினவங்களுக்கு ஒரு பயம், யுபிஎஸ்சின்னாலே கலெக்டர் எக்ஸாம் மாதிரி இருக்கும்னு. கட்ஆஃபை பாத்தீங்கன்னா பயம் பாதி போயிடும். என்டிஏ எழுத்துத் தேர்வு மொத்தம் 900 மார்க், சமீப வருஷங்கள்ல கட்ஆஃப் 300-ஐ சுத்திதான் நிக்குது. மூணுல ஒரு பங்கு! ஓடிஏ கட்ஆஃப் 200-க்கு பாதி, பல தடவை அதுக்கும் கீழ. கேள்வி ஈஸின்னு அர்த்தம் இல்ல, நெகட்டிவ் மார்க் நிறைய பேரை கீழ இழுத்துடுது.

என்டிஏ கணக்கை போட்டு காட்டறேன். மேக்ஸ் 120 கேள்வி, ஒண்ணுக்கு இரண்டரை மார்க், தப்பானா அதுல மூணுல ஒரு பங்கு போயிடும். மேக்ஸ்ல தனியா குறைஞ்சபட்சம்னு ஒண்ணு வைப்பாங்க, சில தடவை 20 சதவீதம், சில தடவை 25. 25-ன்னே வச்சுக்குவோம், 75 மார்க். 36 கேள்வி சரியா போட்டு 15 தப்பானாலும் 77.5 வந்துடும், 120-ல 51 கேள்வியை மட்டும் தொட்டு. அதனால மேக்ஸ்ல வீக்கா இருக்கறவங்க முழு சிலபஸையும் கட்டிட்டு அழாம, மேட்ரிக்ஸ், டிட்டர்மினன்ட், செட்ஸ், ப்ராபபிலிட்டி, ஸ்டேட்டிஸ்டிக்ஸ், ட்ரிக்னாமெட்ரி அடிப்படை, இந்த மாதிரி சீக்கிரம் பிடிபடற சாப்டர்களை எடுத்து பழைய கேள்வித்தாளை வச்சு தேய்ங்க. நம்ம ஸ்டேட் போர்டு பதினொண்ணு பன்னெண்டு புக்கே போதும், இங்கிலீஷ் மீடியம் புக்கா எடுத்துக்கோங்க, கேள்வித்தாள் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் மட்டும்தான் வரும், தமிழ் கிடையாது.

மீதி மார்க்கை ஜிஏடி, அதாவது ஜெனரல் எபிலிட்டி பேப்பர்ல எடுக்கணும். 600 மார்க், அதுல இங்கிலீஷ் 200. இங்கிலீஷ் 50 கேள்வில 35 சரி, 5 தப்புன்னாலே 133 வருது. மிச்சம் 400-ல பிசிக்ஸ் 100, கெமிஸ்ட்ரி 60, ஜெனரல் சயின்ஸ் 40, ஹிஸ்டரி 80, ஜியாகிராபி 80, நடப்பு விஷயம் 40-ன்னு போகும். காமர்ஸ் பசங்க பிசிக்ஸை பாத்து மிரள வேண்டாம், ஒன்பது பத்து கிளாஸ் சயின்ஸை ஒழுங்கா படிச்சாலே கணிசமா தேறிடும்.

ஓடிஏ எழுதறவங்க இங்கிலீஷை பிடிச்சுக்கோங்க. கேள்வி ஒரே மாதிரியா திரும்பத் திரும்ப வரும், ஸ்பாட்டிங் எரர், சினானிம், வாக்கியத்தை வரிசைப்படுத்தறது. பத்து வருஷ பேப்பரை போட்டு முடிச்சா எந்த மாதிரி கேள்வின்னு கைக்கு வந்துடும். ஜிகே கடல் மாதிரி, அதுல முங்கி எழ முடியாது, பாலிட்டி, மாடர்ன் ஹிஸ்டரி, ஜியாகிராபி, ராணுவம் சம்பந்தப்பட்ட நியூஸ் அளவுல நிறுத்திக்கோங்க. தெரியாத கேள்வியை தொடாதீங்க. ஏ பி சி டி-ல ஒண்ணை குருட்டாம்போக்குல அடிக்கிற பழக்கம் காலேஜ் இன்டர்னல்ல செல்லும், இங்க செல்லாது.

எஸ்எஸ்பில உங்க மார்க் திரும்ப வரும்

எழுத்துத் தேர்வு பாஸ் ஆனதும் பழைய மார்க்கோட தொல்லை விட்டுதுன்னு நினைப்பீங்க. அஞ்சு நாள் எஸ்எஸ்பில அது திரும்ப வரும், ஆனா இந்த தடவை கட்ஆஃபா வராது, கேள்வியா வரும். இந்த ஒரு இடத்துலதான் வீக்கான அகடமிக்ஸ் உள்ளவங்க ஜெயிக்கறதும் தோக்கறதும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பெங்களூர், போபால், பிரயாக்ராஜ் மாதிரி ஒரு சென்டருக்கு கூப்பிடுவாங்க, அந்த என்ட்ரில முதல் தடவை போறவங்களுக்கு ஏசி த்ரீ டயர் ட்ரெயின் டிக்கெட் காசு திரும்ப குடுப்பாங்க, டிக்கெட்டை தூக்கி போட்டுடாதீங்க. முதல் நாள் ஸ்கிரீனிங். ரீசனிங் மாதிரி ஒரு டெஸ்ட், அப்புறம் 30 செகண்ட் ஒரு மங்கலான படம் காட்டி கதை எழுதச் சொல்லி, அதை குரூப்ல சொல்லி பேச வைப்பாங்க. வந்ததுல பெரும்பாலானவங்க அன்னிக்கே வீட்டுக்கு. மிச்சம் இருக்கறவங்களுக்கு சைக்காலஜி டெஸ்ட், ரெண்டு நாள் கிரவுண்ட் டாஸ்க், ஒரு பெர்சனல் இன்டர்வியூ, கடைசி நாள் கான்ஃபரன்ஸ்.

முதல்லயே பிஐகியூன்னு ஒரு ஃபார்ம் நிரப்பச் சொல்லுவாங்க. பத்தாவது மார்க், பன்னெண்டாவது மார்க், டிகிரி மார்க், அப்பா அம்மா வேலை, ஸ்போர்ட்ஸ், என்சிசி, என்ன பொறுப்புல இருந்தீங்க, எத்தனையாவது அட்டெம்ப்ட், எல்லாம் அதுல இருக்கும். இன்டர்வியூ எடுக்கறவர் கைல அந்த ஃபார்ம் இருக்கும். அவர் ஒரே மூச்சுல ஏழெட்டு கேள்வியை தொடர்ச்சியா அடுக்குவார், பத்தாவதுல என்ன மார்க், பன்னெண்டாவதுல ஏன் குறைஞ்சது, எந்த சப்ஜெக்ட் பிடிக்கும், எந்த டீச்சரை பிடிக்கும், எந்த டீச்சரை பிடிக்காது, ஏன், காலேஜ்ல எந்த செமஸ்டர் மோசம், அப்போ என்ன நடந்துச்சுன்னு. நீங்க அதையெல்லாம் வரிசையா ஞாபகம் வச்சு பதில் சொல்லணும்.

இங்க என்ன பதில் வேலைக்கு ஆகாதுன்னா, "சார் எங்க காலேஜ்ல ஸ்டாஃப் சரியில்ல", "வேல்யூவேஷன் தப்பா போட்டுட்டாங்க", "வீட்ல விருப்பம் இல்லாம இன்ஜினியரிங் சேத்துட்டாங்க". உண்மையாவே அப்படி நடந்திருந்தாலும் அதோட நிறுத்தினா, பழியை வேற ஆள் மேல போடற ஆளுன்னுதான் தோணும். நாளைக்கு முப்பது சிப்பாய்களை கூட்டிட்டு போற வேலைக்கு ஆள் எடுக்கறாங்க, அங்க போய் "மேப் சரியில்ல சார்"னு சொல்றவன் அவங்களுக்கு வேணாம். இன்னொரு மாதிரி சொதப்பல், கோச்சிங்ல மனப்பாடம் பண்ண பதில், "ஸ்போர்ட்ஸ்ல அதிக கவனம் செலுத்தினேன் சார்"னு சொல்லிட்டு எந்த டீம், என்ன பொசிஷன், யார் கூட மேட்ச், என்ன ஸ்கோர்னு கேட்டா முழிக்கிறது.

என்ன பதில் எடுபடும்னா, மூணு துண்டா இருக்கற பதில். என்ன நடந்துச்சு, அதுல என் பங்கு என்ன, அப்புறம் நான் என்ன பண்ணேன். உதாரணத்துக்கு, தமிழ் மீடியத்துலேர்ந்து வந்த ஒருத்தர் ஃபர்ஸ்ட் இயர்ல மூணு பேப்பர் போயிடுச்சுன்னு வச்சுக்குவோம். "பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம் சார், ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல கிளாஸ் புரியல, புரியலன்னு யார்கிட்டயும் கேக்காம விட்டேன், மூணு பேப்பர் போச்சு. ரெண்டாவது வருஷத்துலேர்ந்து ரூம்மேட் ரெண்டு பேரோட சேந்து தினமும் படிச்சேன், நாலாவது செமஸ்டர்ல மூணையும் கிளியர் பண்ணிட்டேன், அதுக்கப்புறம் அரியர் வைக்கல." அலங்காரமே இல்ல, ஆனா மார்க்ஷீட் அதை அப்படியே காட்டும். சொல்றதும் பேப்பரும் ஒத்துப் போறதுதான் முக்கியம். சைக்காலஜிஸ்ட், கிரவுண்ட்ல பாக்குற ஜிடிஓ, இன்டர்வியூ ஆபீசர் மூணு பேரும் தனித்தனியா உங்களைப் பாக்குறாங்க, ஒரு இடத்துல ஒரு ஆளாவும் இன்னொரு இடத்துல வேற ஆளாவும் நடிக்க முடியாது.

அதனால போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி எல்லா மார்க்ஷீட்டையும் தரைல பரப்பி வச்சு உக்காருங்க. ஒவ்வொரு செமஸ்டருக்கும் எது குறைஞ்சது, எது ஏறிச்சு, அப்போ வாழ்க்கைல என்ன ஓடிட்டிருந்துச்சுன்னு எழுதுங்க. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம கடையை நீங்க பாத்துகிட்டீங்களா, அதை எழுதுங்க. நம்ம பசங்க ஒரு விஷயத்துல ரொம்ப மோசம், வீட்ல சுமக்கற பொறுப்பை பொறுப்பாவே நினைக்கறதில்ல. பிஐகியூல "பொசிஷன் ஆஃப் ரெஸ்பான்சிபிலிட்டி"ன்னு பாத்ததும் ஸ்கூல்ல கிளாஸ் லீடரா இல்லையே, காலேஜ்ல சேர்மன் இல்லையேன்னு காலியா விட்டுடுவாங்க. ஆனா அவரே காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு பால் ஊத்திட்டு காலேஜ் வந்திருப்பார், தங்கச்சி காலேஜ் அட்மிஷனுக்கு தனியா அலைஞ்சிருப்பார், ஊர் திருவிழால அன்னதானத்துக்கு கணக்கு பாத்திருப்பார். இன்டர்வியூல இதெல்லாம் பேசற விஷயம்தான், சிம்போசியம் நடத்தினதை விட இதுல நிறைய பேச இருக்கு.

மார்க் குறைஞ்சதுக்கு எதிர்ப்பக்கம் வைக்க ஏதாவது உண்மையா இருக்கணும்ங்கறதையும் சேத்து சொல்லிடறேன். படிப்பும் இல்ல, விளையாட்டும் இல்ல, எந்த வேலையும் எடுத்து பண்ணதும் இல்லன்னா பதிலை எவ்வளவு மெருகேத்தினாலும் நிக்காது. இன்னும் ஒரு வருஷம் வயசு இருந்தா அதை இப்போ உருவாக்குங்க, ஒரு டீம் கேம் தொடர்ந்து விளையாடுங்க, ஏதாவது ஒரு வேலைல நாலு பேரை சேத்து முடிச்சு காட்டுங்க, மீதி இருக்கற செமஸ்டர்ல மார்க்கை ஏத்துங்க. இறங்கிட்டே போற மார்க்கை விட, விழுந்து ஏறின மார்க்கை வச்சு பேசறது சுலபம்.

ஹிந்தி, இங்கிலீஷ் பயம் பத்தி. ஹிந்தி தேவையில்ல. குரூப்ல வடநாட்டு பசங்க ஹிந்திக்கு தாவுவாங்க, நீங்க இங்கிலீஷ்லயே தொடருங்க, புரியலன்னா தயங்காம சொல்லுங்க. இங்கிலீஷ் எளிமையா இருந்தா போதும், தப்பு வந்தாலும் நிறுத்தாம பேசணும். வேர்டு அசோசியேஷன் டெஸ்ட்ல 60 வார்த்தை, ஒண்ணுக்கு 15 செகண்ட், ஒரு வாக்கியம் எழுதணும். சிச்சுவேஷன் டெஸ்ட்ல அரை மணி நேரத்துல 60 சூழ்நிலை. இதுல அழகான இங்கிலீஷுக்கு நேரமே கிடையாது. தினமும் கைல எழுதிப் பழகுங்க, போன்ல டைப் பண்ணிப் பழகினவங்களுக்கு கை வலிச்சே பாதி விட்டுப் போகும்.

ஓட்டம் பத்தி ஒரு குழப்பம் இருக்கு. ஆள்சேர்ப்பு முகாம்ல மாதிரி எஸ்எஸ்பில ஓட்டத்துக்கு பாஸ் ஃபெயில் இல்ல, தடை தாண்டற டாஸ்க்குகள் உண்டு. ஆனா ட்ரெய்னிங்ல சேரும்போது 2.4 கிலோமீட்டரை பத்தரை நிமிஷத்துல ஓடற அளவுக்கு வாங்கன்னு ராணுவ நோட்டிபிகேஷன்லயே போடறாங்க, 40 புஷ்அப், 6 புல்அப்போட. இன்னிக்கே ஆரம்பிச்சா அன்னிக்கு அழ வேண்டாம்.

மெடிக்கல்ல மார்க்கை யாரும் கேக்க மாட்டாங்க

எஸ்எஸ்பில தேர்வாகி ரெகமண்ட் ஆனவங்களுக்கு மிலிட்டரி ஆஸ்பத்திரில மெடிக்கல். ஆர்மிக்கு ஆம்பளைங்க உயரம் பொதுவா 157 செ.மீ., பொண்ணுங்க 152. நிறைய பேர் இங்க அடிபடறது சின்ன சின்ன விஷயத்துல, அதிக எடை, காதுல அழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, தட்டைப் பாதம், முட்டி இடிக்கிறது, கலர் விஷன். பல்லுக்கு கூட பாயிண்ட் கணக்கு இருக்கு, குறைஞ்சது 14. அப்ளை பண்ற காலத்துலயே ஒரு தடவை கண், காது மூக்கு, பல் டாக்டர்கிட்ட காமிச்சு சரி பண்ணக்கூடியதை சரி பண்ணிடுங்க, கலர் விஷன் மாதிரி சரி பண்ண முடியாதது இருந்தா இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லது. டெம்ப்ரரி அன்ஃபிட்னு சொன்னா பயப்படாதீங்க, அப்பீல் மெடிக்கலுக்கு 42 நாள் டைம் இருக்கு, அதுக்குள்ள பலதும் சரி பண்ணிடலாம். கைல பச்சை குத்தணும்னு ஆசை இருந்தா தள்ளிப் போடுங்க, முன்கையோட உள்பக்கமும் புறங்கையும் தவிர மத்த இடத்துல ஒத்துக்கறதில்ல.

நடுவுல யாராவது "எனக்கு உள்ள ஆள் இருக்கு, ரெகமண்ட் பண்ண வைக்கறேன், இவ்வளவு லட்சம் ஆகும்"னு வந்தா அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க. மார்க் கம்மியா இருக்கற வீட்டு அப்பா அம்மாவைத்தான் இவங்க முதல்ல தேடி வருவாங்க. காசு வாங்கிட்டு, தானா பாஸ் ஆனவனை நான்தான் பண்ணேன்னு சொல்றதும், ஆகாதவன் போன் பண்ணா எடுக்காம விடறதும்தான் மொத்த தொழிலே. எஸ்எஸ்பி கோச்சிங் வேணுமான்னு கேட்டா, குரூப்ல பேசிப் பழகறதுக்கு ரெண்டு வாரம் போறது சரி, அதுக்கு மேல செலவு பண்றது என் பார்வைல தண்டம், நாலு பசங்க சேந்து மொட்டை மாடில உக்காந்து படம் பாத்து கதை சொல்லிப் பழகினாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

ரெகமண்ட் ஆகி மெடிக்கல் ஃபிட் ஆகிட்டாலும் உடனே பெட்டியைக் கட்டாதீங்க. சிடிஎஸ், என்டிஏல எழுத்துத் தேர்வு மார்க்கையும் எஸ்எஸ்பி மார்க்கையும் கூட்டி மெரிட் லிஸ்ட் போடுவாங்க, சீட் எத்தனையோ அத்தனை பேருக்குத்தான் ஜாயினிங் லெட்டர். ஃபிட் ஆகியும் மெரிட்ல வெளிய போனவங்க ஒவ்வொரு பேட்ச்லயும் இருக்காங்க. எழுத்துத் தேர்வுல கட்ஆஃபை தொட்டுட்டு நிறுத்தாம ஒரு இருபது முப்பது மார்க் கூட எடுத்து வைக்கச் சொல்றது இதுக்காகத்தான். மெரிட் லிஸ்ட் வர்றதுக்கு மாசக்கணக்கா ஆகும், நடுவுல அடுத்த சிடிஎஸ் நோட்டிபிகேஷன் வந்துடும், வயசு இருந்தா யோசிக்காம அதுக்கும் 200 ரூபாயை கட்டிடுங்க.